இல்லறத்துக்குள் ஒரு நிதானம்: சீக்கியர்களின் சஹஜ நெறி

மன அமைதியை நாடுபவர் வீட்டையும் தொழிலையும் விட்டு விலக வேண்டும் என்ற எண்ணம் இந்தியச் சமய மரபுகள் பலவற்றில் வேரூன்றியிருக்க, பஞ்சாபில் தோன்றிய சீக்கிய சமயம் தொடக்கத்திலேயே அதை மறுத்தது. அதன் முதல் குருவான குரு நானக் (1469–1539), நெடும்பயணங்களை முடித்த பின் ராவி நதிக்கரையில் கர்த்தார்பூரில் குடியமர்ந்து, வாழ்வின் இறுதிப் பகுதியை உழவராகவே கழித்தார். துறவு பூண்டு யோகம் பயின்ற சித்தர்களோடு அவர் நிகழ்த்திய வாதம் 'சித் கோஷ்டி' என்ற பெயரில் சீக்கியர்களின் திருநூலான குரு கிரந்த் சாகிப்பில் இடம்பெற்றுள்ளது. இறைநாமத்தை நினைத்தல், நேர்மையாக உழைத்தல், கிடைத்ததைப் பகிர்ந்துண்ணுதல் ஆகிய மூன்றையும் ஒரே மனிதர் தம் அன்றாட வாழ்விலேயே கடைப்பிடிக்க வேண்டும் என்பதுதான் இந்நெறியின் அடிப்படை.

மனிதர் பரபரப்பதற்கு நேரப் பற்றாக்குறையைச் சீக்கிய சிந்தனை காரணமாகச் சொல்வதில்லை. 'ஹௌமை' எனப்படும் 'நான்' என்னும் முனைப்பே எல்லாவற்றையும் தன் விருப்பப்படி, தான் நினைத்த நேரத்தில் நடத்திவிடத் துடிக்கிறது என்கிறது. அந்த முனைப்பு தணியும்போது வாய்க்கும், அலைபாயாத இயல்பான சமநிலைக்குச் 'சஹஜ்' என்று பெயர். அதற்குத் துணையாகச் 'சபர்' என்னும் பொறுமையும் 'சந்தோக்' என்னும் மனநிறைவும் குரு கிரந்த் சாகிப்பில் மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்படுகின்றன. பொறுமையைப் பாடியவர்களுள் பஞ்சாபின் சூஃபி ஞானியான ஷேக் ஃபரீதும் ஒருவர் என்பதும், ஓர் இஸ்லாமியரின் பாடல்கள் சீக்கியத் திருநூலுக்குள் வணங்கப்படுகின்றன என்பதும் கவனிக்கத்தக்கவை.

இக்கருத்து நாள்தோறும் செயலாவது 'நித்நேம்' என்னும் அன்றாட ஓதல் முறையில்தான். விடியலுக்கு முந்தைய 'அமிர்த வேளை'யில் எழுந்து நீராடி, 38 படிகளைக் கொண்ட 'ஜப்ஜி சாகிப்' முதலிய பாடல்களை ஓதுவதும், அந்தியில் 'ரஹ்ராஸ்', உறங்கும் முன் 'சோஹிலா' ஓதுவதும் இம்முறையில் அடங்கும். லாரி ஓட்டுநருக்கும் மருத்துவருக்கும் விதி ஒன்றுதான்.

அவசரத்தைப் பற்றிய விவாதம் திருநூலை வாசிக்கும் முறைக்குள்ளேயே இருப்பது இச்சமயத்தின் சுவையான கூறு. 1,430 பக்கங்கள் கொண்ட குரு கிரந்த் சாகிப்பை, வாசிப்போர் மாறி மாறி அமர்ந்து, இடைவெளியின்றி ஏறத்தாழ 48 மணி நேரத்தில் ஓதி முடிப்பது 'அகண்ட பாட்'. திருமணம், புதுமனை புகுதல், துயரம் எனக் குடும்ப நிகழ்வுகளை ஒட்டி இது பெரிதும் நடத்தப்படுகிறது. கெடுவுக்குள் முடிக்க வேண்டியிருப்பதால் வேகம் கூடிவிடும் ஆபத்து இதில் உண்டு என்பதை உணர்ந்தே, 1945இல் ஏற்கப்பட்ட 'சீக் ரஹத் மர்யாதா' என்னும் ஒழுக்க விதித்தொகுப்பு, கேட்பவருக்குப் பொருள் விளங்காத அளவுக்கு விரைந்து ஓதுவது திருநூலுக்குச் செய்யும் அவமதிப்பு என்று கண்டிக்கிறது. மற்றொரு முறையான 'சஹஜ் பாட்' என்பது, அவரவர் தம் வசதிக்கேற்ப நாளும் சில பக்கங்களாக ஓதி முடிப்பது. நாளுக்கு ஐந்து பக்கம் என்றால் 286 நாள் ஆகும். விழாவின் பொலிவு அகண்ட பாட்டுக்கு உண்டு என்றாலும், பொறுமையைக் கற்பிக்கும் ஆற்றல் சஹஜ் பாட்டுக்கே கூடுதல் என்று சொல்லத் தோன்றுகிறது. ஏனெனில் அதில் இன்னொருவரை அமர்த்தி ஓதச் செய்துவிட்டுப் பந்தல் வேலையைப் பார்க்கப் போக முடியாது.

ஓதலுக்கு இணையான பயிற்சி 'சேவை' எனப்படும் கைம்மாறு கருதாத தொண்டு. மூன்றாம் குருவான குரு அமர் தாஸ், முதிய வயதில் இரண்டாம் குருவான குரு அங்கதை அடைந்து, நாள்தோறும் விடியுமுன் பியாஸ் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்துவந்து பல ஆண்டுகள் பணிசெய்த பிறகே, 1552இல் குருவானார் என்று சீக்கிய மரபு போற்றுகிறது. இன்று சீக்கிய வழிபாட்டிடமான குருத்வாராவின் 'லங்கர்' என்னும் பொதுச் சமையற்கூடத்தில் பூண்டு உரிப்பவரும் ரொட்டி தேய்ப்பவரும் தட்டு கழுவுபவரும் அந்த மரபின் தொடர்ச்சியே.

இந்தப் பொறுமையைப் பணிந்துபோதல் என்று கொள்வது தவறு. மன அமைதிக்காக இன்றும் ஓதப்படும் 'சுக்மனி சாகிப்'பை இயற்றிய ஐந்தாம் குரு அர்ஜன் தேவ், 1606இல் லாகூரில் முகலாய ஆட்சியில் கொல்லப்பட்டார். அவருடைய மகன் குரு ஹர்கோவிந்த் வாளேந்தினார். அண்மைக் காலத்தில், மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்து 2020 நவம்பரில் தில்லி எல்லையில் அமர்ந்த, சீக்கியர் பலர் அடங்கிய உழவர்கள், குளிரையும் வெயிலையும் தாங்கி, சாலையோரங்களில் லங்கர் நடத்தியபடி ஓராண்டுக்கு மேல் காத்திருந்தனர். சட்டங்கள் திரும்பப் பெறப்படும் என்று பிரதமர் அறிவித்த 2021 நவம்பர் 19, குரு நானக்கின் பிறந்தநாள் கொண்டாடப்பட்ட நாள்.

அமிர்தசரஸுக்குச் செல்லும் பயணிகளில் பலர், பொற்கோயிலின் தரிசன வரிசையைக் கடந்ததும் அட்டாரி எல்லையின் மாலை அணிவகுப்புக்கு விரைந்துவிடுகின்றனர். மதம் எதுவாயினும், தலையை மூடி, காலணியைக் கழற்றிவிட்டு வரும் எவருக்கும் பொற்கோயிலில் இடமுண்டு. ஆகவே அடுத்த முறை செல்வோர் விடியலுக்கு முன்பே சென்று, குளக்கரையில் அமர்ந்து, கீர்த்தனையைக் கேட்டு, லங்கரில் சிறிது நேரமேனும் தட்டு கழுவிவிட்டுத் திரும்ப வேண்டும்.