வெள்ளை வண்ணத்துப்பூச்சி

குளிர்காலத்தில் வட இந்தியச் சமவெளிகளின் காய்கறித் தோட்டங்களில் வெள்ளை வண்ணத்துப்பூச்சி ஒன்று பறந்து திரிவதைக் காண்கிறோம். முன்சிறகின் நுனி கறுத்திருக்கும். கோடையில் இது இமயமலைப் பகுதிகளில் வாழ்கிறது.

முட்டைக்கோசு, பூக்கோசு, கடுகு ஆகியவற்றின் காரச்சத்தைக் கால்களால் சுவைத்தறிந்து, பெண்பூச்சி இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் நிற முட்டைகளைத் திரளாக இடுகிறது. அவற்றினின்று வெளிவரும் புழுக்கள் கூட்டமாக இலையைத் தின்று நரம்பை மட்டும் விட்டுவைக்கின்றன.

இவ்விடத்தில் நாம் ஒரு பிழை செய்கிறோம். சோர்ந்து கிடக்கும் புழுவைச் சூழ்ந்து மஞ்சள் நிறமான சிறு பொருள்களைக் கண்டால், அவற்றை அப்புழுவின் முட்டைகள் என்றெண்ணி நசுக்கிவிடுகிறோம். புழு முட்டையிடுவதில்லை என்பதை மறந்துவிடுகிறோம். சிறிய குளவி ஒன்று அப்புழுவின் உடலுக்குள் தன் முட்டைகளை இடுகிறது. குளவியின் இளம்புழுக்கள் உள்ளிருந்தே அதனை உண்டு வளர்ந்து, வெளியே வந்து நூற்ற கூடுகளே அவை. அக்கூடுகளிலிருந்து பிறக்கும் குளவிகள் எஞ்சிய புழுக்களையும் தேடிச் செல்லும்.

ஆகவே, இலையடியில் நூலின்றி நெருக்கமாக ஒட்டியிருக்கும் முட்டைகளை அழிப்போம். நூல் சுற்றிய கூடுகளைத் தொடாது விடுவோம். அவற்றுள் உறங்குவது நம் தோட்டத்தின் காவல்.