பெனின் அரண்மனைத் தகடு
பித்தளை வார்ப்பு. எடோ மக்கள், பெனின் அரசு (இன்றைய நைஜீரியா). 16-17ஆம் நூற்றாண்டு.

விளிம்பில் துளைகள் தெரிகின்றனவா? அரண்மனைத் தூண்களில் இதை ஆணியடித்துப் பொருத்திய இடங்கள் அவை. பின்னணியில் நாலிதழாகப் பொறித்திருப்பது ஆற்றிலை. நீர்த் தெய்வமான ஒலோகுனுக்கு உரியது. மெழுகில் உருச்செய்து வார்த்தவர்கள் இகுன் தெருக் கன்னார்கள். அதே தெருவில் இன்றும் வார்ப்பு வேலை நடக்கிறது. போர்த்துகீசியர் கொண்டுவந்த ‘மனில்லா’ என்ற பித்தளைக் காப்புகளை உருக்கியே இப்படிப்பட்ட பல தகடுகளைச் செய்தார்கள்.

1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை பெனின் நகரைப் பிடித்தது. அரசர் ஓவோன்ராம்வெனைக் கலபாருக்கு நாடுகடத்தியது. அரண்மனைப் பொருள்கள் ஆயிரக்கணக்கில் லண்டன் ஏலங்களுக்கும் வணிகர்களுக்கும் போயின. பல அருங்காட்சியகப் பதிவேடுகளில் ‘விலைக்கு வாங்கியது’ என்று மட்டும் இருக்கும். விற்றவருக்கு எப்படிக் கிடைத்தது என்று அன்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

அதைக் கேட்கும் ஆய்வாளர்கள் தகட்டைத் திருப்பிப் போட்டுத்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். பின்பக்கத்தில் மையால் எழுதிய எண், கிழிந்துபோன ஒட்டுச்சீட்டு எதுவானாலும் சரி. அதை வெப்ஸ்டர் போன்ற வணிகர்களின் விலைப்பட்டியல்களோடு ஒப்பிடுவார்கள். 2022இல் வெளியான ‘டிஜிட்டல் பெனின்’ இணையத் தொகுப்பு, 20 நாடுகளில் சிதறிக் கிடக்கும் 5,000க்கும் மேற்பட்ட பொருள்களை ஒருசேரக் காட்டுகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஜெர்மனி தன்னிடமிருந்த பெனின் பொருள்களில் ஒரு தொகுதியை நைஜீரியாவிடம் ஒப்படைத்தது.