மின்கலமா, மின்னிணைப்பா?

மெல்லிசைக் கச்சேரிகளில் கிதார் வாசிப்பவரின் காலடியில் சிறு பெட்டிகள் சில வரிசையாக இருப்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். காலால் மிதித்து நாதத்தின் தன்மையை மாற்றும் இவற்றைப் பெடல் என்பர். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளில் பகலெல்லாம் உழைத்து, இரவில் இசை பயிலும் இளைஞர்கள் என்னிடம் கேட்கும் வினா ஒன்றுண்டு: இப்பெட்டிகளுக்கு மின்கலம் நன்றா, மின்னிணைப்பு நன்றா?

மின்கலம் தருவது அலைவற்ற நேர்மின்னோட்டம். ஆதலின் இரைச்சல் புகாது. நம் வீட்டு மின்சாரமோ வினாடிக்கு 50 சுற்று அலைவது. அதனை நேராக்கும் அடாப்டர் செம்மையாக வடிகட்டாவிடின், பாட்டினூடே வண்டு போல ஓர் ஓசை ரீங்கரிக்கும்.

ஆயின் பெட்டிக்குப் பெட்டி பசி வேறு. நாதத்தைக் கரகரப்பாக்கும் எளிய ஃபஸ் பெட்டிக்குச் சில மில்லி ஆம்பியரே போதும். 9 வோல்ட் கலம் ஒன்று பல நாள் உழைக்கும். எண்ணியல் பெடலோ 100, 300 மில்லி ஆம்பியர் என்று கேட்கும். அதே கலம் சில மணிக்குள் ஓய்ந்து, பாட்டின் நடுவே நாதம் அறும்.

ஆகவே எளிய பெட்டிக்குக் கலமும், பெரும்பசிப் பெட்டிக்குத் தனித்தனி வழிகள் கொண்ட மின்வழங்கியும் ஏற்றவை. செருகுமுன் வோல்ட்டையும் முனையையும் நோக்குக. பெரும்பாலான பெடல்களில் நடுமுனை எதிர்மின்முனையாகும். மாறினால் பெட்டி பழுதுறும். கலம் இட்டவர் வாசித்து முடித்ததும் கிதார்க் கம்பியைப் பெடலிலிருந்து கழற்றிவிடல் வேண்டும். செருகியிருக்கும் வரை கலம் கரைந்துகொண்டேயிருக்கும்.

வியர்வை சிந்திய ஊதியத்தில் வாங்கிய கருவியின் பசியறிந்து ஊட்டுவதே சிக்கனம்.