பேஸ் கிடாரின் கதை – 7: ரப்பர் நரம்பில் எழுந்த கார்வை

லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்ததைப் போன வாரம் பார்த்தோம். அதன்பின் பெரும்பாலான தொழிற்சாலைகள் அதே அச்சைப் பிடித்துக்கொண்டன: நாலு கம்பி, 34 அங்குலக் கம்பி நீளம், திடமான மரக்கட்டை, காந்த பிக்கப். அந்த அச்சில் அடங்காத இரண்டு பேஸ்களைப் பற்றி இந்த வாரம். இரண்டுமே கம்பெனிகள் துணிந்து தயாரித்துக் கடைக்கு அனுப்பியவை.

முதலாவது, அமெரிக்காவின் ஆம்பெக் 1966-இல் வெளியிட்டது. நின்றபடி வாசிக்கும் டபுள் பேஸின் காலுக்குள் மைக் பொருத்தித் தொழிலைத் தொடங்கிய கம்பெனி அது. அந்தப் பாசம் விடவில்லை. தலையில் வயலினைப் போலச் சுருள் வைத்தார்கள். உடலில் எஃப் வடிவத்தில் இரண்டு துளைகள் போட்டார்கள். முன்பக்கம் விட்ட விரல் பின்பக்கம் எட்டிப் பார்க்கும்! உள்ளே காற்றறை கிடையாது என்பதால் அந்தத் துளைகளால் நாதத்துக்கு லாபம் எதுவும் இல்லை. என்னைக் கேட்டால் அது வெறும் ஒப்பனை.

சரக்கு இருந்தது குதிரைக்குக் கீழே. குதிரையின் கால்கள் ஓர் உலோகத் தகட்டின் மேல் நிற்கும். தகட்டின் அதிர்வை அடியிலுள்ள சுருள்கள் மின்சாரமாக்கும். சாதாரண பிக்கப்புக்கு இரும்புக் கம்பிதான் வேண்டும். இதிலோ குடல் நரம்பையே கட்டி வாசிக்கலாம். இரண்டே வருடத்தில் கம்பெனி காந்த பிக்கப்புக்கு மாறிவிட்டது. அது எனக்கு இன்றும் வருத்தம்தான். ஆனால் 1966-இலேயே முதல் மாடலுடன் கூடவே ஃபிரெட் இல்லாத ஏயூபி-1 என்ற மாடலையும் கொண்டுவந்தார்களே, அதன் பெயர் நின்றது. ஃபிரெட் இல்லாத மின் பேஸ் முறையான தயாரிப்பாகக் கடைக்கு வந்தது அதில்தான். ஃபெண்டர் அந்த இடத்துக்கு வர 1970 ஆயிற்று.

இரண்டாவது, ஆஷ்பரி. ஆலன் ஆஷ்வொர்த் ஜோன்ஸ், நைஜல் தார்ன்பரி என்ற இரு பிரிட்டிஷ்காரர்கள் வடிவமைக்க, கில்ட் நிறுவனம் 1986-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கம்பி நீளம் 18 அங்குலம்தான். நீளம் பாதியானால் ஸ்ருதி கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி ஏறிவிடும். அதை இறக்க இரும்புக் கம்பியைத் தளர்த்தினால் தொளதொளத்து நாதம் செத்துப்போகும். ஆகவே கம்பியையே தூக்கியெறிந்து, தடித்த சிலிகான் ரப்பர் நரம்பைக் கட்டினார்கள். குறைந்த இழுவிசையிலேயே முழு பேஸின் மந்திர ஸ்ருதி கிடைத்துவிட்டது. இரும்பு இல்லாததால் காந்தம் உதவாது. குதிரைக்கு அடியில் பீசோ பிக்கப் வைத்தார்கள். விரல் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் வாசிப்பவர்கள் டால்கம் பவுடர் பூசிக்கொண்டு உட்காருவார்கள். ஆம்ப்ளிஃபையரில் இணைத்தால் அந்தக் குட்டி உடலிலிருந்து வருவது டபுள் பேஸின் கனத்த, உருண்ட கார்வை.

இரண்டில் எனக்கு உயர்ந்தது ஆஷ்பரிதான். அதன் விசித்திரம் முழுக்க நாதத்துக்காகச் செய்தது. கண்ணுக்காக எதுவும் இல்லை. ஆம்பெக்கில் பாதிதான் அப்படி. ஆனாலும் தி பேண்ட் குழுவின் ரிக் டான்கோ ஃபிரெட் இல்லாத ஆம்பெக்கை வாசித்த பாடல்கள் கிடைத்தால், ஹெட்ஃபோன் மாட்டி பேஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள். அடுத்த வாரம், தலையே இல்லாத ஸ்டைன்பெர்கர்.