மூன்றில் ஒரு பங்கு மன்னிப்பு

"மன்னித்துவிட்டால் ரத்த அழுத்தம் குறையும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. என் நாத்தனாரை மன்னித்துவிடலாமா என்று யோசிக்கிறேன். அறிவியல் என்ன சொல்கிறது?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நாத்தனார் என்ன செய்தார் என்பதை எழுதவில்லை. எழுதியிருந்தால் கட்டுரை இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

இந்த மாதிரிச் செய்திகள் வழக்கமாகக் கைகாட்டும் ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஹோப் கல்லூரியில் ஷார்லட் விட்வ்லியட்டும் அவர் குழுவினரும் செய்தது, 2001-ல் வெளியானது. 71 மாணவர்களை உட்காரவைத்து, தங்களை நோகடித்த ஒருவரை நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். சில முறை வன்மத்தோடு, சில முறை மன்னிக்கும் மனதோடு. வன்மத்தோடு நினைத்தபோது இதயத் துடிப்பு கூடியது, தோலில் வியர்வை கூடியது, புருவத்தை நெரிக்கும் தசை இறுகியது, ரத்த அழுத்தமும் ஏறியது. நல்ல ஆய்வுதான். ஆனால் அங்கே அளந்தது சில விநாடிக் கற்பனையை. ஐந்தாம் வகுப்பில் என் ஜாமெட்ரி பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனவனை நினைத்தால் எனக்கும் இன்றுவரை புருவம் நெரிகிறது. அதைவைத்து எனக்கு மாரடைப்பு வரும் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன்.

2024-ல் வந்தது இன்னும் பெரிய சோதனை. கொலம்பியா, ஹாங்காங், இந்தோனேசியா, தென் ஆப்பிரிக்கா, உக்ரைன் ஆகிய இடங்களில் 4,598 பேரிடம் மன்னிப்புப் பயிற்சிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்துத் தாங்களே செய்துபார்க்கச் சொன்னார்கள். செய்தவர்களுக்கு வன்மம் குறைந்தது. மனச்சோர்வும் பதற்றமும் ஓரளவு குறைந்தன. ஒப்பிட்டது யாரோடு? புத்தகத்துக்காகக் காத்திருந்தவர்களோடு. அளந்தது எதை? அவர்களே நிரப்பிக்கொடுத்த கேள்வித்தாளை. பயன் இல்லை என்று நான் சொல்லவில்லை. "மன்னிப்பே மருந்து" என்று தலைப்புப் போடும் அளவுக்கு அதில் சரக்கு இல்லை என்கிறேன்.

மன்னிப்பு பற்றி அறிவியல் சொன்னதில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது வேறொன்று. அதில் இதயமும் இல்லை, மனமும் இல்லை. ஒரு கணக்கு இருக்கிறது. அதைச் சொல்ல எனக்கு மொய் நோட்டு வேண்டும்.

வடக்கு வீடு, தெற்கு வீடு என்று இரண்டு குடும்பங்கள். ஆண்டுக்கு ஒரு விசேஷம் இரு வீட்டிலும் நடக்கிறது; காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ ஏதோ ஒன்று. ஒவ்வொருவருக்கும் இரண்டே வழி: மொய் வைக்கலாம், வைக்காமல் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நழுவலாம். இருவரும் வைத்தால் ஆளுக்கு 3 புள்ளி. ஒருவர் வைத்து மற்றவர் நழுவினால் நழுவியவருக்கு 5, வைத்தவருக்குச் சுழியம். இருவருமே நழுவினால் ஆளுக்கு 1. கைதிகளின் இக்கட்டு என்று ஆட்டக் கோட்பாட்டில் படித்திருப்பீர்களே, அதேதான். மொய் என்பது திரும்பி வருகிற பணம், அதில் 5 எங்கிருந்து வந்தது என்று பொருளாதாரம் படித்த யாராவது கடிதம் எழுதுவார். எழுதட்டும்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்து அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்ஸல்ராட், இந்த ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும் கணினி நிரல்களுக்குப் போட்டி வைத்தார். முடிவுகள் 1980-ல் வெளிவந்தன. முதல் போட்டிக்கு 14 நிரல்கள் வந்தன. வென்றது அனடோல் ராபபோர்ட் அனுப்பியது. வந்ததிலேயே மிகச் சிறியது. முதலில் மொய் வை. பிறகு எதிராளி போன முறை செய்ததை நீ இந்த முறை செய். அவ்வளவுதான். 'டிட் ஃபார் டாட்'. நாம் 'பதிலுக்குப் பதில்' என்போம். அறிவியல் நூல்களும் மேலாண்மைக் கூட்டங்களும் இதைத் தலையில் வைத்துக் கொண்டாடின.

அதில் ஒரு ஓட்டை இருந்தது. கணினிக்குள் மொய் எழுதுபவர் தப்பே செய்வதில்லை.

உண்மையான பந்தலுக்கு வாருங்கள். நாதஸ்வரம் முழங்குகிறது, மைக்கில் யாரோ காணாமல் போன குழந்தையை அறிவிக்கிறார், மொய் எழுதுபவருக்குக் கண்ணாடி பழசு. என் சித்தப்பா ஒரு கல்யாணத்தில் 501 ரூபாய் வைத்தார். நோட்டில் இன்ஷியல் மாறி, அது அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் ஏறிவிட்டது. பிற்பாடு சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்கு அவர்கள் வந்தார்கள், சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். அதற்கடுத்த அவர்கள் வீட்டு வளைகாப்புக்குச் சித்தப்பா போகவே இல்லை. இரு வீட்டாரும் பேசிக்கொள்ளாமல் இருந்தது பதினோரு வருஷம். யாருமே தப்புச் செய்யவில்லை என்பதுதான் இதில் கொடுமை.

'பதிலுக்குப் பதில்' ஆடும் இருவருக்குள் இந்த ஒரு தப்பு நுழைந்தால் என்ன ஆகும் பாருங்கள். வடக்கு வைத்தது நோட்டில் ஏறவில்லை. அடுத்த முறை தெற்கு நழுவுகிறது, வடக்கு வைக்கிறது. அதற்கடுத்து வடக்கு நழுவுகிறது, தெற்கு வைக்கிறது. ஊஞ்சல் மாதிரி மாறி மாறி, முடிவே இல்லை. இதை நிறுத்த இன்னொரு தப்பு நடக்க வேண்டும். அந்த இரண்டாவது தப்பும் நல்ல பக்கம் தள்ளலாம், இருவரும் நிரந்தரமாக நழுவும் பக்கமும் தள்ளலாம். நூற்றுக்கு ஒரு தப்பு என்று வைத்துக்கொண்டாலும் சரி, ஆயிரத்துக்கு ஒன்று என்றாலும் சரி, நீண்டகாலச் சராசரி ஒரே எண்ணில்தான் வந்து நிற்கும்: ஆளுக்கு 2.25. ஒவ்வொரு விசேஷத்துக்கும் காசு சுண்டிப்போட்டு மொய் வைப்பதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் இரண்டு பேருக்கும் இதே 2.25 கிடைக்கும். உலகமே மெச்சிய நியாயவான்கள் இருவர், கொஞ்சம் மேளச் சத்தம் சேர்ந்ததும், பூவா தலையா போடுகிறவர்களின் நிலைக்கு வந்துவிடுகிறார்கள்.

1992-ல் மார்ட்டின் நோவாக், கார்ல் சிக்மண்ட் என்ற இரு ஆஸ்திரியர்கள், இந்த மேளச் சத்தத்தையும் சேர்த்துப் பல உத்திகளைத் தலைமுறை தலைமுறையாக ஓடவிட்டு 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதிகம் சம்பாதிக்கும் உத்திக்கு அடுத்த தலைமுறையில் பிள்ளைகள் அதிகம். முதலில் நழுவுகிறவர்கள் கொழித்தார்கள். ஏமாளிகளைத் தின்று தீர்த்தார்கள். மூலையில் கிடந்த சில 'பதிலுக்குப் பதில்' ஆட்கள் பிறகு தலையெடுத்து நழுவுகிறவர்களை ஒடுக்கினார்கள். கறார்க்காரர்கள் நிலைத்துவிடுவார்கள் என்றுதான் எதிர்பார்த்திருப்போம். நிலைக்கவில்லை. அவர்கள் துப்புரவாக்கிய களத்தில் இன்னொரு கூட்டம் வந்து உட்கார்ந்தது. வைத்தவனுக்கு எப்போதும் வைப்பவர்கள். வைக்காதவனுக்கும் மூன்றில் ஒரு முறை வைப்பவர்கள். தாராளப் பதில்காரர்கள்.

ஏன் மூன்றில் ஒன்று? பேனாவை எடுங்கள். தெற்கு தாராளப் பதில் ஆடுகிறது. வடக்கு ஒரு கெட்டிக்காரத் திருடன்: ஒருமுறை நழுவுவான், மறுமுறை வைப்பான். நழுவும் ஆண்டில், போன முறை அவன் வைத்திருந்ததால் தெற்கு வைக்கும், அவனுக்கு 5. அவன் வைக்கும் ஆண்டில், போன முறை நழுவியதற்காகத் தெற்கு மூன்றில் இரண்டு முறை கை விரிக்கும், ஒருமுறை மன்னித்து வைக்கும், மன்னித்தால் அவனுக்கு 3, இல்லாவிட்டால் சுழியம், சராசரி 1. இரண்டு ஆண்டுக்கு மொத்தம் 6, ஆண்டுக்கு 3. ஒழுங்காக மொய் வைத்துக்கொண்டே இருந்திருந்தாலும் ஆண்டுக்கு 3தான்! மன்னிப்பு மூன்றில் ஒன்றைத் தலைமுடி அளவு தாண்டினாலும் திருட்டு லாபமாகிவிடும். கொஞ்சம் குறைத்தால் இன்ஷியல் சண்டை தேவையில்லாமல் நீளும். தாங்கக்கூடிய மன்னிப்பின் உச்சவரம்பு அது. இரு பக்கமும் தாராளப் பதில்காரர்களாக இருந்தால், ஊஞ்சல் சண்டை சராசரியாக மூன்றாவது சுற்றில் முடிந்துவிடும். பதினோரு வருஷம் ஆகாது.

இதில் எனக்குப் பிடித்த நுணுக்கம் இனிமேல்தான் வருகிறது. மூன்றில் ஒன்று என்பது 'மூன்றாவது தடவை மன்னிப்பேன்' என்ற விதி ஆகிவிடக் கூடாது. அப்படி நோட்டீஸ் ஒட்டினால் திருடன் விரல்விட்டு எண்ணிக்கொண்டு, இலவசமான தடவையில் மட்டும் நழுவுவான். எப்போது மன்னிப்பு வரும் என்று யாருக்குமே தெரியக் கூடாது; மன்னிக்கிறவருக்கே தெரியாமல் இருந்தால் உத்தமம். ஆக்ஸல்ராட் இதன் மறுபக்கத்தைக் கண்ணெதிரே பார்த்தார். இரண்டு முறை தொடர்ந்து நழுவினால்தான் பதிலடி என்ற சாந்தமான நிரல் முதல் போட்டியில் கலந்துகொண்டிருந்தால் அதுவே வென்றிருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டியிருந்தார். இரண்டாவது போட்டிக்கு உயிரியலாளர் ஜான் மேனார்டு ஸ்மித் அதையே அனுப்பினார். 24-ஆம் இடம். அதன் நிச்சயமான முதல் மன்னிப்பை மோப்பம் பிடித்த நிரல்கள் அதை மொட்டையடித்துவிட்டன.

மூன்றில் ஒன்றை ஏதோ பிரபஞ்ச ரகசியமாக்கி யாரும் புத்தகம் போட்டுவிடக் கூடாது. 5, 3, 1, 0 என்ற எண்களிலிருந்து பிறந்தது அது. நழுவினால் கிடைப்பது 5-க்குப் பதில் 4 என்று வையுங்கள். வரம்பு மூன்றில் இரண்டாக ஏறிவிடும். தாராளக்காரர்களின் பொற்காலமும் நிலைக்காது. எல்லோரும் நல்லவர்களாகிவிட்டால், யார் எது செய்தாலும் மொய் வைக்கும் பெரியப்பாக்கள் மெல்லப் பெருகுவார்கள். அவர்களைத் தின்ன நழுவுகிறவர்கள் திரும்பி வருவார்கள். மறு ஆண்டே நோவாக்கும் சிக்மண்டும் வேறொரு உத்தி இதைவிட நன்றாக ஆடுகிறது என்று எழுதினார்கள். கணினி விளையாட்டுக்கு அவ்வளவுதான் ஆயுள்.

வரலாறும் சமயமும் இல்லாமல் மன்னிப்பைப் பற்றி எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள் என்பதால் ஒரு பத்தி. இங்கிலாந்துப் பாதிரியார் ஜோசப் பட்லர் 1726-ல் அச்சிட்ட பிரசங்கங்களில், தீங்குக்குக் கோபம் கொள்வது இயல்பு, பயனுள்ளதும்கூட, மிஞ்சுவதுதான் பிழை என்றார். 12-ஆம் நூற்றாண்டு யூத அறிஞர் மைமோனிடிஸ், நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் மூன்று முறை மன்னிப்புக் கேள், அதற்குமேல் அவன் மறுத்தால் பாவம் அவனுடையது என்று வகுத்தார். (மூன்று என்றதும் துள்ள வேண்டாம். தற்செயல்.) சமணர்கள் ஆண்டுக்கு ஒருநாள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறார்கள். ஹன்னா ஆரெண்ட் 1958-ல், வினைக்கு எதிர்வினை என்று ஓடும் சங்கிலியிலிருந்து விடுபட மன்னிப்பே வழி என்று எழுதினார். சித்தப்பாவின் ஊஞ்சலை அவர் கணக்குப் போடாமலே பார்த்துவிட்டார். நம் குறளில் 16-ஆம் அதிகாரம் பொறையுடைமை. பொறை என்றால் சுமை என்றும் பொருள் உண்டு. மன்னிப்புக்குச் செலவு உண்டு என்பதை நம் மொழி அந்தச் சொல்லிலேயே போட்டுவைத்திருக்கிறது.

சரி, இதெல்லாம் கணினிக்குத்தானே? குரங்குகளிடமும் ஏறத்தாழ இதே வாடை அடிக்கிறது. சண்டை போட்ட சிம்பன்சிகள் சற்று நேரத்தில் ஒன்றையொன்று தேடிப்போய்க் கட்டிக்கொள்வதை நெதர்லாந்தின் ஆர்னம் விலங்குக் காட்சியகத்தில் ஃபிரான்ஸ் டி வால் 1970-களில் கவனித்தார். அதைவிடச் சாமர்த்தியமான சோதனை 1993-ல் வந்தது. மரீனா கார்ட்ஸும் சில்வி டர்ன்ஹீரும் நீண்டவால் மக்காக் குரங்குகளை, இரண்டு சேர்ந்து உட்கார்ந்தால்தான் தீனி கிடைக்கும்படி பழக்கினார்கள். அதன்பிறகு அந்த ஜோடிகள் சண்டைக்குப்பின் சமாதானமாவது ஏறத்தாழ மூன்று மடங்கானது. குணம் மாறவில்லை, எதிராளியின் மதிப்பு மாறியது.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. மூன்றில் இரண்டு முறை கை விரிக்கும் பலம் மன்னிக்கிறவருக்கு இருக்க வேண்டும். அது இல்லாதவரிடம் 'மன்னித்துவிடு' என்று சொல்வது பெரியப்பாவாக இரு என்று சொல்வதே. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் மெக்நல்ட்டி புதுமணத் தம்பதிகளை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2011-ல் எழுதினார். எளிதில் மன்னிக்காதவர்களின் துணைகளிடம் வசவும் அடியும் காலப்போக்கில் குறைந்தன. எளிதில் மன்னித்தவர்களின் துணைகளிடம் அவை குறையாமல் அப்படியே தொடர்ந்தன. குடும்ப நல ஆலோசனை என்ற பெயரில் அடிவாங்கியவளை அனுசரித்துப் போகச் சொல்கிறவர்கள் இதைப் படித்தால் தேவலை.

வாசகிக்கு: நாத்தனார் செய்தது இன்ஷியல் தப்பா, நிஜமாகவே நழுவியதா என்று முதலில் விசாரியுங்கள். சித்தப்பா பதினோரு வருஷம் கழித்துத்தான் அந்தப் பழைய நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ரத்த அழுத்த மாத்திரையை எக்காரணம் கொண்டும் நிறுத்திவிடாதீர்கள்.