உப்புத்தாள் வட்டுகளைப் பேணும் முறை

பழைய மேசை ஒன்றைப் புதுப்பிக்க வேண்டுமானால், முதலில் அதன் மேல் படிந்துள்ள வார்னிஷைத் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்குப் பயன்படுவது உப்புத்தாள். பெயரில் உப்பு இருந்தாலும் தாளில் உப்பு இல்லை. மலாய்மொழியில் இதனைக் 'கெர்த்தாஸ் பாசிர்', அதாவது மணல்தாள் என்பர். இன்றைய தாள்களில் மணலும் இல்லை! அலுமினியம் ஆக்சைடு, சிலிக்கன் கார்பைடு போன்ற கடினமான துகள்களே தாளின்மேல் பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன.

முற்காலத்தில் தச்சர்கள் ஒரு மரக்கட்டையில் உப்புத்தாளைச் சுற்றிக் கையாலேயே தேய்த்தனர். இன்று பெரும்பாலான பட்டறைகளில் மின் தேய்ப்பான் வந்துவிட்டது. அதன் அடிப்பாகத்தில் வட்ட வடிவிலான உப்புத்தாளை ஒட்டிக்கொள்ளலாம். ஆணியோ பசையோ தேவையில்லை. ஆரம்பப்பள்ளிக் காலணியில் 'கிரிச்' என்ற ஒலியுடன் பிரியும் பட்டையை நினைத்துப் பாருங்கள். அதே முறைதான் இங்கும். தேய்ப்பானின் அடியில் சிறு கொக்கிகளும் வட்டின் முதுகில் மெல்லிய இழை வளையங்களும் உள்ளன. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் எனும் சுவிட்சர்லாந்துப் பொறியியலாளர், தம் நாயின் உரோமத்தில் ஒட்டிய காட்டுச்செடி முட்காய்களைக் கண்டு உருவாக்கிய பிடிமானம் இது.

ஒவ்வொரு வட்டின் முதுகிலும் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். பி 60, பி 80, பி 120, பி 240 என்று அது கூடிக்கொண்டே போகும். எண் கூடக்கூடத் துகள் சிறிதாகும். முதன்முறை பார்ப்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றலாம். துகள்களைச் சல்லடையில் சலித்துப் பிரித்த வழக்கமே இதற்குக் காரணம். சல்லடையில் கண்கள் அதிகமானால் ஒவ்வொரு கண்ணும் சிறிதாகும். அதன் வழியே விழும் துகளும் சிறிதாகும். பி 60 துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 269 மைக்ரோன். பி 120 துகள் 125 மைக்ரோன். பி 240 துகளோ 58 மைக்ரோன் அளவே இருக்கும்; நம் தலைமுடியின் தடிப்பை அதனுடன் ஒப்பிடலாம்.

தச்சர் முதலில் பி 80 வட்டால் தேய்ப்பார். அது பழைய வார்னிஷை விரைவாக நீக்கும். ஆனால், மரத்தில் கீறல்களை விட்டுச் செல்லும். அக்கீறல்களைப் பி 120 நீக்கும். அது விட்ட சிறு கீறல்களைப் பி 180 நீக்கும். இவ்வாறு படிப்படியாகச் சென்று, கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் கீறல்கள் நுண்மையானதும் புதிய வார்னிஷ் பூசப்படும்.

இந்த இடத்தில்தான் பெட்டியின் ஒழுங்கு முக்கியமாகிறது. எல்லா வட்டுகளையும் ஒரே நெகிழிப்பையில் திணித்துக் கருவிப்பெட்டிக்குள் போட்டுவிட்டால் என்ன ஆகும்? பெட்டி குலுங்கும்போது வட்டுகள் ஒன்றையொன்று உரசும். பி 60 வட்டிலிருந்து உதிரும் துகள் ஒன்று பி 240 வட்டில் சிக்கிக்கொள்ளக்கூடும். அது சுற்றியுள்ள துகள்களைவிட நான்கு மடங்குக்கும் மேல் பெரியது. தேய்ப்பான் வட்டமிட்டுச் சுழல்வதால், அந்த ஒரே துகள் மரம் முழுவதும் சுருள் சுருளான கீறல்களை இட்டுவிடும். வெறும் மரத்தில் அவை எளிதில் தெரிவதில்லை. வார்னிஷ் பூசிய பிறகே பளிச்செனத் தெரியும். அப்போது பூச்சைச் சுரண்டிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கிள்ளானில் பட்டறை வைத்திருக்கும் தச்சர் ஒருவர், பிரிக்பீல்ட்ஸில் உள்ள அடுக்குமாடி வீடொன்றில் அலமாரி பொருத்த வருகிறார் என வைத்துக்கொள்வோம். தேவையான வட்டு பட்டறையிலேயே தங்கிவிட்டால், கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் போய்த் திரும்புவதற்குள் அரைநாள் போய்விடும். எனவே, தூக்கிச் செல்லும் பெட்டியில் என்ன இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்பது திறந்தவுடன் தெரிய வேண்டும்.

வட்டுகளைக் கெடுக்கும் மற்றொன்று ஈரப்பதம். கோலாலம்பூரின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. வட்டின் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிகிறது. மறுபக்கத்தில் துகள்களைப் பற்றியிருக்கும் கெட்டியான பசையோ அவ்வளவாக விரிவதில்லை. ஒருபக்கம் விரிந்து மறுபக்கம் விரியாமல் இருந்தால் வட்டு எப்படித் தட்டையாக இருக்கும்? அதன் விளிம்புகள் துகள் உள்ள பக்கமாக வளைந்துவிடும். வளைந்த வட்டைத் தேய்ப்பானில் பொருத்தினால் நடுப்பகுதி மட்டுமே ஒட்டும், விளிம்பு பற்றாது. சுழலும்போது வட்டு கழன்று பறக்கவும் கூடும். நண்பகல் வெயிலில் மூடிய வேனுக்குள் பெட்டியை விட்டுச் செல்வதும் நல்லதன்று. பகலில் காய்ந்து, இரவில் ஈரம் ஏறி, தாள் மாறி மாறி வளையும்.

துகள்களைக் கவனமின்றி வைத்ததால் ஒரு நிறுவனமே தள்ளாடிய கதையும் உண்டு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் 1902ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 3எம் நிறுவனம், 1914இல் ஸ்பெயினிலிருந்து கார்னெட் எனும் கற்களை இறக்குமதி செய்தது. அவற்றை நொறுக்கிச் செய்த உப்புத்தாளில் துகள்கள் நிற்கவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தன. வாங்கியவர்கள் குறைகூறினர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, கப்பலில் அக்கல் மூட்டைகளுக்கு அருகே ஆலிவ் எண்ணெய் ஏற்றப்பட்டிருந்தது. கடல் கொந்தளித்தபோது எண்ணெய் கசிந்து கற்களில் ஊறிவிட்டது. எண்ணெய் படிந்த துகளைப் பசை எவ்வாறு பற்றும்? இதன் பின்னர், மூலப்பொருள்களைச் சோதிக்க அந்நிறுவனம் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்தது. பெட்டியில் உப்புத்தாளின் பக்கத்திலேயே எண்ணெய்ப் புட்டியை வைக்கும் பழக்கம் உடையவர்கள் இந்நிகழ்வை நினைவில் கொள்ளலாம்.

தமிழ்நாட்டிலும் இத்தொழிலுக்கு நெடிய வரலாறு உண்டு. முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டன் நிறுவனங்களுடன் இணைந்து 1954இல் சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. உப்புத்தாள், சாணைக்கல் முதலியவற்றை அது இன்றும் தயாரித்து வருகிறது.

இனி, பெட்டியை அமைக்கும் முறையைக் காண்போம். பெட்டி வாங்குவதற்கு முன் வட்டை அளந்துகொள்வது அவசியம். பொதுவாகப் புழங்கும் வட்டுகள் 125 மில்லிமீட்டர் அல்லது 150 மில்லிமீட்டர் விட்டம் கொண்டவை. குறுந்தட்டு உறை பொருந்தும் என்று சிலர் எண்ணுவர். பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். ஆனால், குறுந்தட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர்தான். அந்த 5 மில்லிமீட்டர் வேறுபாட்டால் வட்டின் விளிம்பு மடங்கிவிடும்.

மூடி இறுக்கமாகப் பொருந்தும், கைப்பிடியுள்ள நெகிழிப் பெட்டியே சிறந்தது. உள்ளே ஓர் எண்ணுக்கு ஓர் அறை எனத் தடுப்புகள் இருக்க வேண்டும். தடுப்பில்லாத பெட்டியாயின் தடித்த அட்டையை வெட்டிச் செருகிக்கொள்ளலாம். வட்டுகளைச் செங்குத்தாகத் தளர்வாக நிறுத்தினால் நாளடைவில் சரிந்து வளையும். படுக்கைவாக்கில் அடுக்கி, மேலே தட்டையான பலகைத் துண்டு ஒன்றை வைத்தால் தட்டையாகவே இருக்கும். அடுக்கும்போது ஒரு வட்டின் துகள் பக்கம் அடுத்த வட்டின் முதுகைத் தொடும்படி வைக்க வேண்டும். துகளோடு துகள் உரசினால் இரண்டுமே மழுங்கும்.

எண்ணை அறையின் வெளிப்பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுவது நல்லது. வட்டின் முதுகில் உள்ள அச்சு, சிலமுறை ஒட்டிப் பிரித்ததும் அழிந்துவிடும். விரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பெருமை பேசுவோர் உண்டு. பி 60ஐயும் பி 240ஐயும் அப்படிப் பிரித்தறியலாம். பி 180ஐயும் பி 240ஐயும் பிரிப்பது அவ்வளவு எளிதன்று. காலணிப் பெட்டியில் கிடைக்கும் ஈரம் உறிஞ்சும் சிறுபொதிகளையும் சிலர் உள்ளே போட்டு வைப்பர். அடிக்கடி திறந்து மூடும் பெட்டியில் அவை விரைவிலேயே ஈரம் நிறைந்து பயனற்றுப் போகும். நல்ல மூடியே அதைவிட உதவும்.

பாதி தேய்ந்த வட்டை வீசிவிட வேண்டியதில்லை; ஓரங்களைக் கையால் தேய்க்க அது போதும். ஆனால், அதைப் புதியவற்றோடு சேர்க்கக் கூடாது. அதில் மரத்தூசு அடைந்திருக்கும். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் மரத்தூசைப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வட்டில் உள்ள துளைகள் அழகுக்காக இடப்பட்டவையல்ல. தேய்ப்பான் தூசை அவற்றின் வழியேதான் உறிஞ்சுகிறது. பயன்படுத்திய வட்டைத் திறந்த வெளியில், முகக்கவசம் அணிந்து, மென்மையான தூரிகையால் துடைத்துத் தனி உறையில் இட்டு, அதன்மேல் எண்ணை எழுதிப் பெட்டியின் கடைசி அறையில் வைக்கலாம். மறுநாள் வேலைக்குக் கிளம்பும் முன், எந்த அறை காலியாகியுள்ளது என்று பார்த்துக் கடையில் வாங்கி நிரப்பிக்கொண்டால் போதும்.