மெய்நிகர் கணிப்பொறியும் கையொப்பச் சாவியும்

இணையவழி ஒப்பந்தப்புள்ளிகளில் இடப்படும் மின்னணுக் கையொப்பத்திற்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் ஏற்பளித்துள்ளது. அதற்குரிய இரகசியச் சாவி சிறியதொரு யு.எஸ்.பி. டோக்கனில் அடங்கியுள்ளது. பழைய மென்பொருளை இயக்கும் பொருட்டு, ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளாலேயே மற்றொன்றை உருவாக்கிப் பயன்படுத்துவதும் உண்டு. இதுவே மெய்நிகர் கணிப்பொறி எனப்படுவது.

டோக்கனைச் செருகியதும் அதைக் கைக்கொள்வது புறக் கணிப்பொறியே. உள்ளிருப்பதற்கு அது புலப்படாது. மெய்நிகர் மென்பொருளின் சாதனப் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தால் உரிமை கைமாறும். உடனே புறக் கணிப்பொறியிலிருந்து அது மறைந்துவிடும். இதனைப் பழுதென்று கருதுவோர் உண்டு, பழுதன்று. ஒரு சாதனத்திற்கு ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளமே கட்டளையிட இயலும். டோக்கனுக்குரிய இயக்கி மென்பொருளையும் உள்ளேயே நிறுவுதல் வேண்டும்.

ஒவ்வொரு யு.எஸ்.பி. சாதனமும் தயாரிப்பாளர் எண், பொருள் எண் ஆகியவற்றைத் தாங்கியுள்ளது. விர்ச்சுவல்பாக்ஸ் மென்பொருளில் இவ்வெண்களைக் கொண்டு வடிகட்டி அமைத்தால் இணைப்பு தானாகவே நிகழும். வசதிதான், ஆயினும் ஒரே வகை டோக்கன்கள் அனைத்திற்கும் இவ்வெண்கள் ஒன்றே. வேறோர் அதிகாரியின் டோக்கனும் அதே வடிகட்டியில் அகப்படும். அப்போது எஞ்சும் காவல் கடவு எண் மட்டுமே. அதனை மேசைக் கண்ணாடியின் அடியில் எழுதி வைப்பதும் அலுவலகங்களில் புதிதன்று. தொடர் எண் உடைய டோக்கனாயின் அதனையும் வடிகட்டியில் சேர்க்கலாம். இல்லையேல் ஒவ்வொரு முறையும் கையால் தேர்ந்தெடுத்து, பணி முடிந்ததும் விடுவிப்பதே தக்கது.